பட்டாளத்தார் சங்கமும் கொடிநாள் உண்டியலும்: கோபி வட்டாரத்தில் முன்னாள் படைவீரர் நலத்தின் வரலாறு

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துக் கிராமங்களில் படையிலிருந்து திரும்பியவரைப் பட்டாளத்தார் என்பார்கள்; கொஞ்சம் இளையவர் என்றால் மிலிட்டரிக்காரர். அரசாணைகளில் அவர் ‘முன்னாள் படைவீரர்’. மனைவி, மக்கள், அவர் இறந்தபின் கைம்பெண் எல்லாரும் ‘சார்ந்தோர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் படை எண், பதவி, பெயர். கம்பளியும் பூட்ஸும் நைந்துபோனபின் பெட்டியில் மிஞ்சுவது காகிதம்தான்: டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, மனைவியோடு எடுத்த ஜாயிண்ட் போட்டோ, திருமணத்தையும் பிள்ளைகள் பிறந்ததையும் யூனிட்டில் பதிந்ததற்கான பார்ட் டூ ஆர்டர். தமிழ்நாட்டுப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வடநாட்டு எழுத்தர் ஒருவர் அந்த இனிஷியலை விரித்தோ விழுங்கியோ எழுதியிருந்தால், முப்பது ஆண்டு கழித்து அவர் மனைவிக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் அந்த ஓரெழுத்தில் சிக்கி நின்றுவிடும். அந்தக் காகிதத்தைச் சரிசெய்வது ஓர் ஆளால் ஆகிற காரியம் அல்ல. முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஊன்றி நின்றதற்கு அணிவகுப்பைவிட இந்தப் பெட்டியே பெரிய காரணம்.

கொங்கு நாட்டுக்குப் போர் புதிதல்ல. மைசூர் மேட்டிலிருந்து கஜலஹட்டி கணவாய் வழியாகப் பவானி ஆற்றங்கரைக்கு இறங்கும் பாதை நெடுங்காலம் படைகளின் பாதையாகவே இருந்தது. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் இந்த வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையைத் தாக்கிப் பின்வாங்கச் செய்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொங்கு கும்பினியின் கைக்குப் போனது. 1805இல் தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டதோடு ஆயுதம் தாங்கிய எதிர்ப்பும் அடங்கியது. அதற்கும் வெகுகாலம் முன்பே ஊருக்காக இறந்தவனுக்குக் கல் நடும் வழக்கம் இங்கே இருந்தது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல். புலியோடு பொருதவனுக்குப் புலிகுத்திக் கல். கல்லைப் போற்றியவர்கள் ஊராரும் உறவினரும்தான். படையல் இன்னும் நடக்கும் கற்கள் உண்டு. மாண்டவனின் நினைவுக்கு இப்படி ஓர் இடம் இருந்தது. உயிரோடு திரும்பி வந்தவனுக்கு என்ன செய்வது என்ற கேள்விதான் பின்னால் வந்தது.

கும்பினி ஆட்சியில் இந்தக் கேள்விக்கு முதலில் கிடைத்த பதில் வெள்ளையருக்கு மட்டுமானது. வங்காள நவாப் மீர் ஜாபர் ராபர்ட் கிளைவுக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயை முதலாக வைத்து, 1770இல் கிளைவ் நிதி தொடங்கப்பட்டது. ஊனமுற்ற ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் அவர்களது விதவைகளுக்கும் அதிலிருந்து பணம் போயிற்று. ஒரு நவாபின் பணம் இப்படிப் பயன்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் காலப்போக்கில் ஓய்வூதியம் ஏற்பட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதைப் பெறும் தமிழர்களின் எண்ணிக்கையே சுருங்கத் தொடங்கியது. 1857 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு, சில இனத்தாரே போருக்குத் தகுந்தவர்கள் என்னும் ‘போர்க்குலம்’ என்ற கொள்கை ஆங்கிலேயப் படைத்தலைமையைப் பிடித்துக்கொண்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று உறுதியாக நம்பியவர். 1895இல் சென்னைப் படை தனிப்படையாக இல்லாமல் ஆயிற்று. முதல் உலகப்போரில் தென்னாட்டுச் சிப்பாய்கள் மீண்டும் தேவைப்பட்டார்கள். போர் முடிந்து பத்து ஆண்டுக்குள், 1928 வாக்கில், மதராஸ் காலாட்படையின் கடைசிப் பிரிவும் கலைக்கப்பட்டது. பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் ‘தம்பிகள்’ வேண்டியிருந்தார்கள். சாப்பர்களுக்குப் படையில் இன்றும் அதுதான் செல்லப்பெயர்.

இந்த ஏற்றத்தாழ்வில் கொங்கு நாடு ஓரமாகவே நின்றது. வேலூர் வட்டாரத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கே ஆள் அனுப்பிவந்தன. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், வேலூரிலிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனதையும் 14 பேர் உயிரிழந்ததையும் சொல்லும் கல்வெட்டு உள்ளது. கோபிப் பக்கம் நிலைமை வேறு. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் தண்ணீர் கொடுத்தன. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின. பட்டாளம் இங்கே பல பிழைப்புகளில் ஒன்று; காணி இல்லாத வீட்டுப் பையனுக்கு மில்லுக்கு அடுத்தபடியாகத் தோன்றும் வழி. அதனால் ஓர் ஊரில் இரண்டு பேர், அடுத்த ஊரில் நான்கு பேர் என்று பட்டாளத்தார் சிதறியே வாழ்ந்தார்கள். சங்கத்தின் தேவை கூடியதற்கும், சங்கம் கூடுவது கடினமானதற்கும் காரணம் இந்தச் சிதறல்தான்.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு உலகெங்கும் போர்வீரர் அமைப்புகள் முளைத்தன. 1919இல் பாரிசில் அமெரிக்கச் சிப்பாய்கள் கூடி அமெரிக்கன் லீஜனைத் தொடங்கினார்கள். 1921இல் பிரிட்டிஷ் லீஜன் வந்தது. இரண்டையும் தொடங்கியவர்கள் படையினர். ஊருக்கு ஊர் கிளை, கிளைக்கு ஒரு கட்டடம் என்று அவை வளர்ந்தன. இந்தியாவில் நடந்தது இதற்கு எதிர்மாறு. அதே 1919இல் அரசே இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டு என்ற வாரியத்தை அமைத்தது. அதன் கீழ் மாகாண வாரியம், அதன் கீழ் மாவட்ட வாரியம். மாவட்ட வாரியத்துக்குத் தலைவர் கலெக்டர். அதாவது இங்கே அலுவலகம் முதலில் வந்தது, சங்கம் பின்னால் வந்தது. பின்னாளில் முன்னாள் படைவீரர் நலம் எடுத்த வடிவத்துக்கெல்லாம் வேர் இதுதான். நிலத்தகராறுக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தார்களோ, அதே அலுவலகத்தில் பட்டாளத்தாரும் மனு கொடுத்தார். சோல்ஜர் போர்டு என்ற பெயர் பழையவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. வாரியத்தின் அதிகாரப்பூர்வப் பெயரோ 1944இலும் 1951இலும் நீண்டும் குறுகியும் மாறி, 1975இல் கேந்திரிய சைனிக் போர்டு ஆயிற்று. தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் அது முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உதவி இயக்குநர் பதவியில் இருப்பவரும் பெரும்பாலும் படையிலிருந்து வந்தவர்தான்.

இரண்டாம் உலகப்போர் கொங்கு நாட்டின் வாசலுக்கே வந்தது. 1940களின் தொடக்கத்தில் மதராஸ் ரெஜிமெண்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். போர்க்காலத்தில் அதன் பயிற்சி மையம் கோவையை ஒட்டிய மதுக்கரையில் இருந்தது. 1947இல் அது நீலகிரியின் வெலிங்டனுக்கு மாறி, இன்றளவும் அங்கேதான் இருக்கிறது. சூலூரில் விமானதளம் எழுந்தது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தார் அந்தத் தளத்துக்குத் தீ வைத்தார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரு சாரார் அரசின் படையில் சேர, இன்னொரு சாரார் அரசின் விமானதளத்தை எரித்துச் சிறை போனார்கள். இரு சாராருக்கும் பின்னாளில் அரசு உதவித்தொகை வழங்கியது. தியாகி ஓய்வூதியம் ஒரு கோப்பிலும், முன்னாள் படைவீரர் உதவி இன்னொரு கோப்பிலுமாக ஒரே கலெக்டர் அலுவலகத்தில் ஓடின. 1944 ஜூனில் இத்தாலியில், மிதிக்கப்பட்ட கண்ணிவெடியின்மேல் விழுந்து சகவீரர்களைக் காத்து உயிர்விட்ட மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றதும் இந்தப் போரில்தான்.

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் ஊர் திரும்பினார்கள். முழுக்காலம் சேவை செய்யாததால் பலருக்கு ஓய்வூதியம் கிடையாது. மாகாணத்திலிருந்து படைக்குப் போனவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் போருக்குப் பிந்தைய புனரமைப்பு நிதி ஒன்று ஒதுக்கப்பட்டது. இன்றைய ‘தொகுப்பு நிதி’ என்பதன் முன்னோடி அது. சென்னை மாகாண அரசு குடியேற்றத் திட்டங்களையும் தொடங்கியது. அப்போது மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த வயநாட்டில், அம்பலவயலைச் சுற்றி முன்னாள் படைவீரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவர்களுக்காக 1946இல் அங்கே ஏற்பட்ட வேளாண் ஆய்வு நிலையம் இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

விடுதலைக்குப் பிறகு, 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங் காலத்தில் ஒரு குழு கூடி, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஐக் கொடிநாளாகக் கொள்வது என முடிவு செய்தது. அதற்கு முன் நவம்பர் 11இல் சிவப்புக் காகிதப் பூ விற்பது வழக்கம். முதல் உலகப்போர் ஓய்ந்த நாள் அது. பூவுக்குப் பதில் கொடி வந்தது: தரைப்படைக்குச் சிவப்பு, கடற்படைக்குக் கருநீலம், விமானப்படைக்கு வெளிர்நீலம். ஊனமுற்றோர் மறுவாழ்வு, பணியில் இருப்போர் குடும்பநலம், ஓய்வுபெற்றோர் நலம் என்ற மூன்று காரியத்துக்கு அந்தப் பணம் போகவேண்டும் என்பது ஏற்பாடு. தனித்தனியாக இருந்த நிதிகள் 1993இல் ஒரே கொடிநாள் நிதியாக இணைக்கப்பட்டன.

கோபி அப்போது கோவை மாவட்டத்தின் பகுதி. பின்னாளில் ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறிய பெரியார் மாவட்டம் 1979இல் பிரிந்தபின்தான், கோபிக்காரர்களின் மாவட்டத் தலைநகர் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவுக்கு வந்தது. ஆனாலும் படை சார்ந்த காரியங்களுக்குக் கோவையின் பிடி விடவில்லை. ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரி, அதன் பக்கத்தில் பிரதேசப்படைப் பட்டாலியன், சூலூரில் விமானதளம், மேலே வெலிங்டன் என்று எல்லாம் அந்தத் திசையில் இருந்தன. ராணுவ ஆஸ்பத்திரிக்கும் கேண்டீனுக்கும் பஸ் ஏறிய பட்டாளத்தார்கள் நிழற்குடையில் ஒருவரை ஒருவர் கண்டு, யூனிட் விசாரித்து, பழக்கமானார்கள். சிற்றூர்ச் சங்கங்கள் பல இப்படிப்பட்ட பழக்கத்தில் தொடங்கியவை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் வந்தபின் அவை பதிவு எண், தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை என்ற சட்ட உடையைப் போட்டுக்கொண்டன. சந்தா சிறிது, வேலை பெரும்பாலும் கடிதப் போக்குவரத்து.

சங்கத்தின் ஆண்டு நவம்பரில் பிறக்கிறது என்று சொல்லலாம். ஓய்வூதியர் உயிரோடிருப்பதைக் காட்டும் வாழ்வுச் சான்று கொடுக்கவேண்டிய மாதம் அது. முன்பு வங்கி மேலாளர் முன் நேரில் நிற்கவேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு வங்கி ஊழியரை அழைத்துப் போவது சங்கச் செயலாளரின் பொறுப்பு. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்வுச் சான்று வந்தபின் விரல்ரேகை போதும் என்றாயிற்று. ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. கருவி மூன்று முறை சிவப்பு விளக்கைக் காட்டியபின், கையைச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைக்கும் கைம்பெண்களின் வரிசை அந்த மாதத்து இ-சேவை மையங்களில் பழகிய காட்சி. 2021 முதல் ஸ்பர்ஷ் என்ற இணையவழி முறை வந்து, வங்கியிடமிருந்த வேலையில் பெரும்பகுதி பிரயாக்ராஜில் உள்ள படை ஓய்வூதிய அலுவலகத்துக்கே போய்விட்டது. அந்த நகரத்தின் பெயர் மாறிய பிறகும் பட்டாளத்தாருக்கு அது அலகாபாத்தான். ‘அலகாபாத்துக்கு எழுதியிருக்கு’ என்றால் காத்திருக்கவேண்டும் என்று பொருள்.

டிசம்பர் 7 அன்று மாவட்டத் தலைநகரில் கலெக்டர் உண்டியலில் பணம் போட்டு வசூலைத் தொடங்கிவைப்பார். கொடிநாள் தேநீர் விருந்துக்கு முன்னாள் படைவீரர்களும் சார்ந்தோரும் வருவார்கள். கல்வி உதவித்தொகை, திருமண உதவித்தொகைக் காசோலைகள் வழங்கப்படும். வசூலில் முந்திய அலுவலர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் இருக்குமிடத்தில் இலக்கும் இருக்கும். துறைக்கு இவ்வளவு என்று இலக்கு வகுக்கப்படுவதால், கொடி பல சமயம் ஏதோ ஒரு வேலையாக அலுவலகத்துக்கு வந்தவர் கையில் திணிக்கப்படுகிறது. சட்டையில் குத்திக்கொள்ளவேண்டிய கொடி ரசீதுபோல் மடங்கிப் பையில் போகிறது. தெருவில் இறங்கி உண்டியல் குலுக்கும் பழைய முறையில், கொடி விற்றவர் யார் என்பதாவது வாங்கியவருக்குத் தெரிந்தது.

ஜனவரி 14 அடுத்தது. முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாள்; 2016 முதல் முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தில்லியில் நாள் குறித்தவர்கள் தமிழ்நாட்டு நாட்காட்டியைப் பார்த்ததாகத் தெரியவில்லை. சில ஆண்டு அது போகி, சில ஆண்டு தைப்பொங்கல். கோபியை அடுத்த பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டமும் மார்கழிக் கடைசி வாரங்களில்தான். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் பட்டியிலும் காப்புக் கட்டவேண்டிய நாளில் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஆகவே இங்கே அது அறிக்கையளவில் நிற்கும் நாள். ஜனவரி 26 கொடியேற்றத்தோடு சேர்த்துக்கொள்வது வசதி.

கோடையில் வேலை பள்ளி, கல்லூரிகளைச் சுற்றி நடக்கும். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டுக்குச் சார்ந்தோர் சான்று வாங்கவேண்டும். ஜூன் முழுக்க அதற்கான அலைச்சல். ஜூலை 26 கார்கில் நாள். ஆகஸ்ட் 15 அன்று பட்டாளத்தார் பதக்கங்களைக் குத்திக்கொண்டு பள்ளிக் கொடியேற்றத்தில் நிற்பார். 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் மரபான தேதியும் அதுவே. அந்த வாய்க்காலின் மொத்தப் பாசனம் இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர். கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு நேரே வயலுக்குப் போகிறவர் இங்கே விதிவிலக்கு ஆகமாட்டார். இடையிடையே கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். அங்கே வரும் மனுக்களில் ஓய்வூதியத்துக்குச் சமமாக நிலப் பிரச்சினையும் இருக்கும்: பட்டா, வழித்தடம், வரப்புத் தகராறு. பதினைந்து இருபது ஆண்டு எல்லையைக் காத்துவிட்டு வந்தவர், சொந்தக் காட்டின் எல்லைக்கு அளவையர் வரக் காத்திருப்பார்.

சிப்பாய் ஒருவர் பொதுவாக 15 முதல் 17 ஆண்டில் வெளியே வந்துவிடுவார். வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில். ஆகவே இரண்டாம் வேலை தேடித்தருவது சங்கத்தின் நிரந்தரக் கடமை ஆயிற்று. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிகளில் 14.5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் இவர்களில் ஒருவர். 1986இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, அரசு நிறுவனங்களுக்குக் காவலர்களை அனுப்புகிறது. மில் வாசல்களும் அவர்களை வரவேற்றன. ஷிப்டு மணிக்குக் கேட்டைத் திறந்து, வண்டி எண்ணைப் பதிந்து, ராணுவ நேரத்தில் மணி எழுதும் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனார்கள்.

1948இல் தொடங்கிய கேண்டீன் துறையின் அட்டை, பட்டாளத்தாருக்கு ஊரில் ஒரு தனி மதிப்பைத் தந்தது. மளிகை, குக்கர், மின்விசிறி எல்லாம் விலை மலிவு; ரம் கோட்டாவைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டார் பத்திரிகையோடு பட்டாளத்தாரைத் தேடி வருவதற்கு உறவு ஒன்று மட்டும் காரணம் ஆகாது. 2003 ஏப்ரலில் வந்த ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இதைவிடப் பெரிய மாற்றம். அதுவரை ராணுவ மருத்துவமனைக்குப் போகமுடியாத தூரத்தில் இருந்த ஓய்வூதியர், பாலிகிளினிக் வழியாகத் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் வழி அதில் ஏற்பட்டது.

ஓய்வூதிய உயர்வுக்கான நீண்ட போராட்டம் 2015இல் தில்லி ஜந்தர் மந்தரில் உச்சம் கண்டது. அவ்வாண்டு நவம்பரில் ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறை என அறிவிக்கப்பட்டது. ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றிய இருவர் வெவ்வேறு ஆண்டுகளில் ஓய்வுபெற்றாலும் ஒரே ஓய்வூதியம் என்பது கோட்பாடு. எந்த அட்டவணையில் எந்த வரியில் தன் பெயர் வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை மறுபடி சங்கத்துக்கே வந்து சேர்ந்தது.

2024 சுதந்திர நாளன்று தமிழ்நாடு முதலமைச்சர் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை அறிவித்தார். தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரருக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். காவல் வேலையைத் தாண்டி யோசித்த திட்டம் என்ற வகையில் விசைத்தறியும் பின்னலாடையும் கோழிப்பண்ணையும் நிறைந்த இந்தப் பகுதிக்கு அது பொருத்தமானது.

இதற்கிடையே 2022 ஜூனில் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. அதில் சேரும் அக்னிவீரர் நான்கு ஆண்டு பணியாற்றுவார். நால்வரில் ஒருவர் வரை படையில் நீடிப்பார். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவாநிதியோடு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பி.பி.ஓ. இல்லை, நவம்பரில் கொடுக்க வாழ்வுச் சான்றும் இல்லை. இருபதுகளிலேயே திரும்பும் அவர்களைச் சங்க உறுப்பினராகச் சேர்ப்பதா, எந்த விதியின் கீழ் சேர்ப்பது என்பது இனிவரும் பொதுக்குழுக்களின் நிகழ்ச்சிநிரலில் இருக்கும்.